சம்பளம் எப்படிப் போடுறீங்களோ அப்படித்தான் பாக்கெட்டுக்குள்ள சரக்கும் இருக்கும்

வயித்தால போகுதுன்னு தானா வந்து சொன்ன ஒரு ஆளைக்கூட நான் வேலைக்குச் சேர்ந்த ஆரம்பத்துல பார்த்ததில்ல. சித்திரை வெயில்ல சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரியில வரிசை நிக்கும், எங்க ஃபுட் ஃபேக்டரி லைன்ல மட்டும் அத்தனை பேரும் நல்லா இருக்காங்கன்னு ரெஜிஸ்டர் சொல்லும். காலையில கேட் கிட்ட நின்னு "காய்ச்சல் இருக்கா, வயிறு சரியா இருக்கா, கையில காயம் இருக்கா"ன்னு கேட்டு டிக் அடிக்கணும், வர்ற பதில் எல்லாமே "ஒண்ணும் இல்லங்க மேடம்" தான். இத்தனை பேர்ல ஒருத்தருக்குக் கூட வருஷம் முழுக்க வயிறு கெடாதுன்னா அது நடக்கிற காரியமே இல்ல. அப்போ ஏன் சொல்ல மாட்டேங்குறாங்க? ஃபுட் ஃபேக்டரியில நான் கத்துக்கிட்டதுல பாதிக்கு மேல இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் போனதுல கத்துக்கிட்டது தான்.

நான் மைக்ரோபயாலஜி படிச்சவ, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவுல ஒரு யூனிட்ல குவாலிட்டி பாக்குறேன். மிக்சர், காராபூந்தி, முறுக்கு, ஓமப்பொடி, தீபாவளி பொங்கல்னா பால்கோவா, அசோகா அல்வா, அது போக இட்லிப்பொடி, புளியோதரைப் பொடி. அதுக்கு முன்னாடி ஒரு மாடர்ன் ரைஸ் மில்லுல லேப்ல இருந்தேன். எங்க பக்கம் ஃபுட் இண்டஸ்ட்ரின்னாலே ஆரம்பம் நெல்லு தான், தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டுல இருக்குற நிஃப்டெம்ங்குற மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் கூட 1967ல திருவாரூர் மாடர்ன் ரைஸ் மில் வளாகத்துல ஒரு லேபா தொடங்கினது, இப்போ 2021 சட்டத்துக்கு அப்புறம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமா இருக்கு. எங்க ஊர்ல இவ்வளவு பெரிய இடம் இருக்குன்னே நிறைய சின்ன யூனிட்காரங்களுக்குத் தெரியாது, ட்ரெய்னிங் நடக்கும், லேப்ல டெஸ்ட் பண்ணித் தருவாங்க, போய்ப் பாருங்க.

எங்ககிட்ட வேலை பாக்குறவங்க யாருன்னா முக்கால்வாசி பொம்பளைங்க, பாபநாசம், சுவாமிமலை, அய்யம்பேட்டை சுத்தி இருக்குற கிராமங்கள்ல இருந்து கம்பெனி வேன்ல வருவாங்க. மேட்டூர்ல தண்ணி திறந்து நடவு ஆரம்பிச்சா கொஞ்ச பேர் வயலுக்குப் போயிடுவாங்க, களை பறிக்கிற சமயத்துலயும் அப்படித்தான், அதைத் தப்புன்னு சொல்ல முடியாது, அங்க ஒரு நாளைக்குக் கிடைக்கிறது இங்க கிடைக்கிறதை விட சில சமயம் ஜாஸ்தி. அப்புறம் ஒடிசா, பீகார்ல இருந்து வந்த தம்பிங்க, அடுப்படியிலயும் மூட்டை தூக்குறதுலயும் இருப்பாங்க. மாஸ்டருங்க எல்லாம் உள்ளூர்.

இப்போ கணக்குக்கு வர்றேன். எங்க தொழில்ல பெரும்பாலான இடத்துல அட்டெண்டன்ஸ் போனஸ்னு ஒண்ணு இருக்கும். மாசம் முழுக்க லீவு போடாம வந்தா தனியா ஒரு தொகை. உதாரணத்துக்கு தினக்கூலி 400, போனஸ் 1000னு வச்சுக்கோங்க. ஒரு நாள் வயித்துவலின்னு வீட்ல படுத்தா போறது 400 இல்ல, 1400. வயித்துப்போக்கு வந்த ஆளை அது நின்னு 48 மணி நேரம் ஆகுற வரைக்கும் சாப்பாட்டுப் பொருளைத் தொட விடக்கூடாதுன்னு தான் பொதுவா சொல்லுவாங்க, ஏன்னா நமக்கு நல்லாயிடுச்சுன்னு தோணின பிறகும் கிருமி வெளிய வந்துக்கிட்டு தான் இருக்கும். அப்போ குறைஞ்சது மூணு நாள். மூணு நாள் கூலி 1200, போனஸ் 1000, மொத்தம் 2200 ரூபாய். மகளிர் குழு தவணை, பிள்ளைங்க ஃபீஸ், கேஸ் சிலிண்டர் எல்லாம் இருக்குற ஒரு அக்கா காலையில கேட்ல நின்னு என்கிட்ட உண்மையைச் சொல்றதுக்கு 2200 ரூபாய் விலை. யார் சொல்லுவா?

இ.எஸ்.ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு இருக்கேன்னு முதலாளிங்க சொல்லுவாங்க. இருக்கு, நல்ல விஷயம், 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு அது பெரிய ஆதரவு, நம்ம பங்கு 0.75% தான், கம்பெனி 3.25% கட்டணும். உடம்பு முடியாம போனா சம்பளத்துல 70%, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும், அதுக்கு முந்தின ஆறு மாச கணக்குல 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். ஆனா இதுல ஒரு விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்றதில்ல. முதல் ரெண்டு நாளுக்கு காசு கிடையாது, 15 நாளுக்குள்ள மறுபடியும் முடியாம போனா தான் அதுல விலக்கு. டெங்கு, ஆபரேஷன், கால் முறிவுக்கு எல்லாம் இது பெரிய உதவி, ஆனா சாப்பாட்டு ஃபேக்டரிக்கு ரொம்ப ஆபத்தான நோய் எது, ரெண்டு மூணு நாள் வந்துட்டுப் போற வயித்துப்போக்கு, அது சரியா அந்த இடைவெளியில விழுந்துடுது. அந்த ரெண்டு நாளை கம்பெனி தான் பார்த்துக்கணும், வேற யாரும் இல்ல.

அதே மாதிரி தான் மெடிக்கல் சர்டிஃபிகேட். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி வருஷத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டுப் பொருளைக் கையாளுறவங்க எல்லாருக்கும் டாக்டர் செக்கப் வேணும், டைபாய்டு மாதிரி குடல் நோய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கணும். முன்னாடி நான் பார்த்த ஒரு இடத்துல ஆளே போகாம கட்டு கட்டா சீல் அடிச்ச பேப்பர் வந்து இறங்கும், ஆடிட்டர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துட்டு டிக் அடிச்சுட்டுப் போயிடுவார். ஒழுங்கா செஞ்சாலும் கூட அந்தப் பேப்பர் அன்னைக்கு அந்த ஆள் எப்படி இருந்தார்னு தான் சொல்லும். நேத்து ராத்திரி கல்யாண வீட்ல சாப்பிட்டது ஒத்துக்காம இன்னைக்குக் காலையில வந்து நிக்குறவங்களைப் பத்தி அதுக்கு எப்படித் தெரியும்.

பால்கோவா சீசன்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன். கோவா கிண்டி முடிஞ்சதும் ட்ரேயில கொட்டி ஆற வைப்போம், ஆறின பிறகு கையுறை போட்டுக்கிட்டு பீஸ் போட்டு பாக்ஸ்ல அடுக்கணும். ஒரு அக்கா, ரொம்ப சுத்தமா வேலை செய்யுறவங்க, வலது கை சுட்டு விரலை மடக்காம நீட்டிக்கிட்டே அடுக்குறாங்க. கையுறைக்குள்ள அந்த ஒரு விரல் மட்டும் கொஞ்சம் தடிமனா இருந்துச்சு. தனியா கூப்பிட்டுக் கழட்டச் சொன்னா உள்ள பழைய புடவைத் துணியைக் கிழிச்சு சுத்தி நூல் கட்டியிருக்காங்க, அதைப் பிரிச்சா நகக்கண்ணுல சீழ் கோத்து மஞ்சளா நிக்குது. ராத்திரி வீட்ல அரிவாமணையில வெட்டிக்கிட்டு ஒரு வாரமா அப்படியே வந்துட்டு இருந்திருக்காங்க. "சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களேம்மா, இந்த மாசம் போனஸ் வாங்கினா தான் பாப்பாவுக்கு தீபாவளிக்குத் துணி எடுக்க முடியும்"னாங்க. அழல, கோவப்படல, கணக்கு சொல்ற மாதிரி சொன்னாங்க.

படிச்ச எனக்கு உடனே மனசுல வந்தது அந்தச் சீழ்ல இருக்குற கிருமி தான், ஸ்டஃபிலோகாக்கஸ். அது கோவா மாதிரி பால் பண்டத்துல விழுந்து நாலஞ்சு மணி நேரம் வெதுவெதுன்னு இருந்தா விஷத்தை விட்டுடும், அப்புறம் அந்தப் பண்டத்தைத் திரும்ப சூடு பண்ணினாலும் கிருமி செத்துப் போகுமே தவிர விஷம் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்துலயே குடம் குடமா வாந்தி வரும். கல்யாண வீட்ல பந்தி முடிஞ்சு வரிசையா விழுவாங்கன்னு பேப்பர்ல படிக்கிறோமே, அதுல நிறைய இந்த வகை தான். அன்னைக்கு அந்த அக்கா அடுக்கின பாக்ஸ் எல்லாத்தையும் நிறுத்தி வச்சு அழிச்சோம். முதலாளிக்கு நஷ்டம், ஒரு விரல் காயத்துக்கு டாக்டர்கிட்ட போய் கட்டு போட்டுட்டு வந்து அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துல உக்கார வச்சிருந்தா ஆகியிருக்குற செலவை விட எத்தனையோ மடங்கு.

அந்தக் கணக்கை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி முதலாளிகிட்ட கொண்டு போனேன். நியாயம், தர்மம்னு எல்லாம் பேசல, அவர் நல்ல மனுஷர் தான், ஆனா வியாபாரிகிட்ட வியாபாரியா தான் பேசணும். ஒரு பக்கம் அழிச்ச சரக்கோட விலை, இன்னொரு பக்கம் ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் கூலி. "எல்லாரும் இதையே சாக்கா வச்சு லீவு போட்டா என்னம்மா பண்றது?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. மூணு மாசம் சோதனையா செஞ்சு பார்ப்போம்னு பேசி முடிவு பண்ணினோம்: வயித்துப்போக்கு, வாந்தி, காய்ச்சல், சீழ் வெச்ச காயம், கண்ணு சிவப்பு இதுல எது இருந்தாலும் வந்து சொன்னா முதல் ரெண்டு நாள் முழுக் கூலி, போனஸ்ல கை வைக்கக் கூடாது, நடமாட முடிஞ்சவங்களுக்கு சரக்கு பக்கம் இல்லாத வேலை, அட்டைப்பெட்டி மடிக்கிறது, லேபிள் எண்ணுறது, ஸ்டோர்ல கணக்கு எழுதுறது. வயிறு சரியில்லாதவங்க மட்டும் அதுக்கும் வராம வீட்லயே இருக்கணும், ஏன்னா பாத்ரூம் எல்லாருக்கும் பொது.

முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கல, நம்பல. ஒரு பெரியம்மா தான் முதல்ல சொன்னாங்க, அவங்களுக்கு மாசக் கடைசியில கூலி குறையாம வந்துச்சு, வேன்ல போகும்போது அந்தச் சம்பளச் சீட்டு கை கை மாறி எல்லாரும் பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் தான் என் காலை ரெஜிஸ்டர்ல உண்மை வர ஆரம்பிச்சது. சாக்கு சொல்லி எடுத்தவங்க இருந்தாங்களான்னா இருந்தாங்க, முகூர்த்த நாள்ல திடீர்னு ரெண்டு பேருக்கு வயிறு வலிக்கும், அதுக்காகத் திட்டத்தை நிறுத்தல, ஏன்னா பொய்யா வீட்ல இருக்குற ஒரு ஆளால யாருக்கும் வாந்தி வராது, பொய் சொல்லி லைன்ல நிக்குற ஆளால வரும். முதலாளியும் சோதனைக் காலம் முடிஞ்ச பிறகு அதைப் பத்தி கேக்கல, அப்படியே தொடருது.

கையுறை பத்தி ஒண்ணு சொல்லிக்கிறேன். கையுறை போட்டா கை கழுவ வேணாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, சூப்பர்வைசருங்க கூட. கையுறை போட்ட கையால மூக்கைத் தொட்டு, மாஸ்க்கை இழுத்து விட்டு, கீழ விழுந்த ஸ்கூப்பை எடுத்தா வெறுங்கையை விட அது அழுக்கு தான். சோப்பு போட்டு 20 செகண்ட், விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண்ணு, முழங்கை வரைக்கும். எண்ணெய்க் கையில சானிடைசர் சரியா வேலை செய்யாது, பேதி உண்டாக்குற சில வைரஸுக்கு அது சுத்தமா பத்தாது. காயத்துக்கு நீலக் கலர் பிளாஸ்டர் வாங்கி வைங்க, சாப்பாட்டுல நீலம் எதுவும் கிடையாதுன்றதால கழண்டு விழுந்தாலும் கண்ணுல படும், உள்ள மெட்டல் இழை வச்ச ரகமும் கிடைக்குது, மெட்டல் டிடெக்டர் பிடிச்சுடும்.

பாத்ரூம் விஷயம் பேச எல்லாரும் சங்கடப்படுறாங்க, ஆனா பேசியே ஆகணும். ஷிஃப்டுக்கு ரெண்டு தடவை தான், அஞ்சு நிமிஷம் தான்னு டோக்கன் கொடுக்குற இடங்களை எனக்குத் தெரியும். அஞ்சு நிமிஷத்துல ஏப்ரான் கழட்டி, செருப்பு மாத்தி, போயிட்டு வந்து, திரும்ப மாட்டணும்னா எதை விடுவாங்க, கை கழுவுறதைத் தான். இன்னொரு பக்கம் பொம்பளைங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க, அடுப்படி சூட்டுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு டம்ளரோட நிப்பாங்க, அப்புறம் நீர்க்கடுப்பு, கிட்னியில கல்லுன்னு அலைவாங்க. டோக்கனை எடுத்துட்டு லைனுக்கு மாத்தாள் ஒருத்தரைப் போடுங்க. அந்த ஆளோட வேலையே யாரு வெளிய போறாங்களோ அவங்க இடத்துல நிக்குறது தான். ஒரு ஆள் கூலி ஜாஸ்தி ஆகும், ஆனா லைன் நிக்காது. நின்னே வேலை பாக்குறவங்களுக்கு இடையில உக்கார வசதி செஞ்சு தரணும்னு 1948 ஃபேக்டரீஸ் சட்டத்துலயே இருந்துச்சு, பழைய காலத்து விதின்னு நினைக்காதீங்க, ஸ்டூல் போட்ட பிறகு பேக்கிங்ல சீல் சரியா விழாத பாக்கெட்டு குறைஞ்சதை நான் கண்ணால பார்த்தேன்.

பூ, வளையல், மெட்டி, தாலி. இதுல புதுசா வர்ற சூப்பர்வைசருங்க எல்லாரும் முதல் நாளே சண்டை போட்டுடுவாங்க. கண்ணாடி வளையல் கூடவே கூடாது, அதுல பேச்சே இல்ல, உடைஞ்சா மிக்சர்ல தேட முடியாது. பூவும் உள்ள வரக்கூடாது. ஆனா தாலியைக் கழட்டுன்னு சொன்னா அடுத்த நாள் வேலைக்கே வர மாட்டாங்க, வரவும் கூடாது. கழுத்து வரைக்கும் பட்டன் வச்ச கோட்டு தைச்சுக் கொடுத்து அதுக்குள்ள இருக்கட்டும்னு விட்டோம், மெட்டிக்கு மூடின செருப்பு. பூவுக்கு கேட் கிட்ட ஒரு ஈரத்துணி போட்ட பிளாஸ்டிக் டப்பா, காலையில எடுத்து வச்சுட்டு சாயங்காலம் வாடாம வச்சுக்கிட்டுப் போவாங்க. கொண்டை போடுறவங்களுக்கு கடையில வர்ற சின்ன ஹேர்நெட் பத்தாது, பெரிய சைஸ் கேட்டு வாங்குங்க, இல்லன்னா பின்னாடி பாதி முடி வெளிய தான் நிக்கும்.

வேர்க்கடலை பொறுக்குற பெரியம்மாக்களைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இவங்களைப் பத்தி யாரும் எழுதி நான் படிச்சதில்ல. மிக்சருக்குப் போற கடலையில சொத்தை, சுருங்கினது, நிறம் மாறினது, பூசணம் பூத்தது எல்லாத்தையும் ஒரு மேசையில கொட்டி கையால பொறுக்குவாங்க. பார்க்குறவங்களுக்கு ஏதோ ரிட்டயர்மென்ட் வேலை மாதிரி தெரியும். ஆனா அஃப்ளாடாக்ஸின்னு ஒரு பூசண விஷம் இருக்கு, ஈரலைக் கெடுக்கும், புத்துநோய் வரைக்கும் கொண்டு போகும், வறுத்தாலும் பொரிச்சாலும் முழுசா போகாது. ஒரு மூட்டையில அது எல்லாக் கடலையிலயும் பரவியிருக்காது, பெரும்பாலும் அந்தக் கெட்டுப்போன கொஞ்சக் கடலையில தான் குவிஞ்சிருக்கும். அதனால அந்தப் பெரியம்மா பொறுக்கிப் போடுற ஒவ்வொரு சொத்தையும் எங்க ப்ளான்ட்லயே பெரிய பாதுகாப்பு, லேப்ல நான் பண்றது அதைச் சரி பார்க்குறது தான்.

அவங்களுக்கு கிலோ கணக்குல கூலி கொடுத்துட்டு இருந்தாங்க. எவ்வளவு கிலோ தள்ளுறாங்களோ அவ்வளவு காசு. அப்போ கை எப்படி ஓடும், வேகமா தான் ஓடும், சந்தேகமா இருக்குற கடலையை நல்ல பக்கமே தள்ளத் தோணும். நாள் கூலிக்கு மாத்தினதும் ஒதுக்குற சொத்தை கூடிடுச்சு, அதே கடலை, அதே கை. அப்புறம் இன்னொண்ணு கவனிச்சேன், ரெண்டு மூணு பேர் கடலையை மூஞ்சிக்குக் கிட்ட கொண்டு போய் பார்க்குறாங்க. நாப்பத்தஞ்சு வயசைத் தாண்டினவங்க, வெள்ளெழுத்து வந்திருக்கு, கண்ணாடி போட்டா கிழவின்னு வேலையை விட்டு எடுத்துடுவாங்களோன்னு சொல்லல. கண் டெஸ்ட் கேம்ப் ஒண்ணு வச்சு படிக்கிற கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம், மேசைக்கு மேல நல்ல வெள்ளை ட்யூப்லைட் போட்டோம். லட்சக்கணக்குல மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கண்ணாடியை வாங்குங்கன்னு நான் பார்க்குற எல்லா யூனிட்காரங்ககிட்டயும் சொல்றேன்.

எண்ணெய். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2018 ஜூலையில இருந்து பொரிக்கிற எண்ணெய்ல டோட்டல் போலார் காம்பவுண்ட், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்ப காய்ஞ்சு கெடும்போது உண்டாகுற பொருள், 25% தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்கு, ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கிறதுக்குப் பயன்படுத்துறவங்க கணக்கு எழுதி வைக்கணும், கழிச்ச எண்ணெயை பயோடீசலுக்கு வாங்குற அங்கீகாரம் உள்ளவங்களுக்குத் தான் கொடுக்கணும். மீட்டர் இருக்கு, எண்ணெய்ல விட்டா நம்பர் காட்டும். ஆனா மீட்டர் காட்டுறதுக்கு முன்னாடியே மாஸ்டருக்குத் தெரிஞ்சுடும், பூந்தி போட்டதும் நுரை அடங்காம ஓரத்துல சின்னச் சின்னதா நிக்கும், பழைய வாடை வரும், முறுக்கு சீக்கிரம் சிவக்கும். எங்க மாஸ்டர் கரண்டியில எண்ணெயை மொண்டு திரும்ப ஊத்தி அது விழுற விதத்தைப் பார்த்தே சொல்லுவார், கெட்டியா இழுக்குதான்னு. சோதனைக்கு மீட்டரை விட்டா பெரும்பாலும் அவர் சொன்னது தான். ஆனா எண்ணெய்ச் செலவைக் குறைச்சா மாஸ்டருக்கு இன்சென்டிவ்னு ஒரு பழக்கம் சில இடத்துல இருக்கு, அந்த இன்சென்டிவ் இருக்குற வரைக்கும் அவர் கண்ணு பார்த்ததை வாய் சொல்லாது. எண்ணெயை நிறுத்தச் சொல்ற அதிகாரத்தை மாஸ்டர்கிட்ட கொடுங்க, நம்பரை க்யூசி (குவாலிட்டி பாக்குறவங்க) எழுதட்டும், ரெண்டு பேர்ல யார் ஒருத்தர் வேணாம்னாலும் எண்ணெய் இறங்கணும். பழைய எண்ணெய்ல புதுசை ஊத்தி ஊத்தி ஓட்டுறதை மட்டும் நிறுத்துங்க, பழசு புதுசையும் சீக்கிரம் கெடுத்துடும், ஷிஃப்ட் முடிஞ்சதும் தூளை வடிகட்டினாலே எண்ணெய் ஆயுசு நீளும்.

அடுப்படியில எண்ணெய் தெறிச்சா குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும், ஐஸ் வேணாம், பேஸ்ட், இங்க், மாவு, தேங்காய் எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. இதை எழுதி ஒட்டினா மட்டும் போதாது, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, 20 நிமிஷம்ங்கறது எவ்வளவு நீளம்னு நின்னு பார்த்தா தான் தெரியும்.

ஒடிசா, பீகார் தம்பிங்க விஷயத்துல பெரும்பாலான கம்பெனி பண்றது என்னன்னா, தமிழ்ல போர்டு, இங்கிலீஷ்ல போர்டு, அவங்க ரெண்டையும் பார்த்துட்டு தலையை ஆட்டுவாங்க. படம் போட்டு ஒட்டினோம், அவங்கள்லயே கொஞ்சம் தமிழ் பேசுற ஒரு தம்பியை வச்சு ஒடியாவுலயும் இந்தியிலயும் சொல்ல வச்சோம், அந்தத் தம்பிக்கு அதுக்குத் தனியா காசு கொடுத்தோம். ஆனா அவங்க ஆரோக்கியம் ஃபேக்டரியில இல்ல, தங்குற ரூம்ல இருக்கு. ஒரே ரூம்ல எட்டு பேர், மூடி இல்லாத தண்ணித் தொட்டி, ஒரு கக்கூஸ்னு வச்சுட்டு, ஒருத்தனுக்கு டைபாய்டு வந்தா எட்டு பேருக்கும் வரலாம், எட்டு பேரும் மறுநாள் மாவு பிசைய வருவாங்க. தொட்டியைக் கழுவி மூடி போடுறது, குளோரின் பார்க்குறது, ரூமைப் பிரிச்சுக் கொடுக்குறது எல்லாம் ஹாஸ்டல் வார்டன் வேலை இல்ல, குவாலிட்டி வேலை. நான் மாசா மாசம் ரூமையும் ஆடிட் லிஸ்ட்ல சேர்த்துட்டேன். கான்ட்ராக்டர் மூலமா வந்தவங்கன்னாலும் இ.எஸ்.ஐ, பி.எஃப் கட்டியிருக்காங்களான்னு கம்பெனி தான் பார்க்கணும், கான்ட்ராக்டர் கட்டலைன்னா பொறுப்பு கம்பெனி தலையில தான் வந்து விழும்.

தீபாவளிக்கு முந்தின மாசம் எங்க தொழில்ல கண்ணு மூட நேரம் இருக்காது. ஓவர்டைம் பார்த்தா அந்த மணி நேரத்துக்கு ரெண்டு மடங்கு கூலி, இது சட்டம், யாரும் தர்மத்துக்குக் கொடுக்குறதில்ல. ஆனா ரெண்டு மடங்கு கொடுத்துட்டா மட்டும் சரியாகிடாது. தூக்கம் இல்லாத கண்ணுக்கு லேபிள்ல தேதி தப்பா அடிச்சது தெரியாது, வேர்க்கடலை இல்லாத சரக்கு பாக்கெட்டுல வேர்க்கடலை போட்ட சரக்கு போயிடும், வேர்க்கடலை ஒத்துக்காத குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சனை. பெருங்காயத்துல கூட கோதுமை மாவு கலந்து வரும், அதையும் லேபிள்ல போடணும்னு பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. நாங்க ராத்திரி ஷிஃப்ட்டுக்கு சீசன்ல மட்டும் தனி ஆளுங்களை எடுக்குறோம், பகல்ல பார்த்தவங்களையே ராத்திரிக்கும் இழுக்குறதில்ல, பால் ஸ்வீட்டை ராத்திரி போடுறதே இல்ல.

இப்போ புதுசா வேலைக்குச் சேர்ற பிள்ளைங்களுக்கு. சேர்ந்த மாசமே இ.எஸ்.ஐ நம்பரும் பி.எஃப் யூ.ஏ.என் நம்பரும் கேட்டு வாங்கி வீட்ல எழுதி வைங்க, ஆதார்ல பேரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கோ அப்படியே இருக்கான்னு பாருங்க, ஒரு எழுத்து மாறினாலும் பின்னாடி காசு எடுக்க அலைய விடுவாங்க. சம்பளச் சீட்டு இல்லாம கையில காசு கொடுத்தா எத்தனை நாளு, எத்தனை மணி நேரம் ஓவர்டைம்னு ஒரு நோட்டுல தேதியோட நீங்களே எழுதிக்கிட்டு வாங்க. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவுன்னு சட்டத்துல இருக்கு, அதுக்கு வருஷத்துல இத்தனை நாள் வேலை பார்த்திருக்கணும்னு கணக்கு உண்டு, உங்க கணக்கு என்னன்னு ஆபீஸ்ல கேளுங்க. படிச்சவங்களா இருந்தா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐயோட உணவுப் பாதுகாப்புப் பயிற்சியான ஃபோஸ்டாக் ட்ரெய்னிங் போயிட்டு வாங்க, 25 பேருக்கு ஒருத்தராவது அந்தப் பயிற்சி எடுத்தவங்க இருக்கணும்னு இருக்குறதால சர்டிஃபிகேட் கையில இருந்தா பேக்கிங்ல இருந்து சூப்பர்வைசரா மேல வர வழி இருக்கு, எங்க யூனிட்லயே பத்தாவது படிச்ச ஒரு தங்கச்சி அப்படித்தான் இப்போ லைன் பார்க்குது.

சின்ன யூனிட் வச்சிருக்குறவங்களுக்கு, கம்ப்யூட்டர்ல நீங்க முதல்ல திறக்க வேண்டியது க்யூசி ஃபைல் இல்ல, சம்பளப் பட்டியல். யாருக்கு எதுக்காக காசு கூடுது, எதுக்காகப் பிடிக்கிறீங்கன்னு ஒவ்வொரு வரியா பாருங்க. அட்டெண்டன்ஸ் போனஸ்ல உடம்பு முடியாத லீவையும் சேர்த்துப் பிடிச்சா அதை இந்த மாசமே தனியா பிரிங்க, கிலோ கூலி இருந்தா அது பொறுக்குற வேலைக்கா மூட்டை தூக்குற வேலைக்கான்னு பாருங்க, எண்ணெய் மிச்சத்துக்கு இன்சென்டிவ் இருந்தா எடுத்துடுங்க, அந்தக் காசை மாஸ்டர் சம்பளத்துலயே சேர்த்துக் கொடுத்துடுங்க. மூணு மாசம் ஓட விட்டு அதுக்கப்புறம் காலை ரெஜிஸ்டரை எடுத்துப் பாருங்க, அதுல "வயிறு சரியில்ல"ன்னு நாலு பேர் எழுதியிருந்தா யாரையும் கூப்பிட்டு விசாரிக்காதீங்க, தண்ணித் தொட்டியைப் போய்ப் பாருங்க.